பத்தகோணாசனமும் பிரசவ மேசையும்

பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா' 1966-இல் வெளிவந்தது. யோகா கற்பிப்பவர்கள் இன்றும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் நூல் அது. பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை விரித்து உட்காரும் பத்தகோணாசனத்தின் பலன்களைச் சொல்லும் இடத்தில், கர்ப்பிணிகள் நாள்தோறும் சில நிமிடங்கள் இந்த நிலையில் உட்கார்ந்தால் பிரசவ வலி வெகுவாகக் குறையும், கால் நரம்பு சுருட்டிக்கொள்ளாது என்று எழுதுகிறார். அதற்குத் துணையாக அவர் அழைப்பது பதஞ்சலியை அல்ல, ஹடயோகப் பிரதீபிகையையும் அல்ல. கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மகப்பேறு மருத்துவரின் 'சைல்ட்பர்த் வித்தவுட் ஃபியர்' நூல் கர்ப்பிணிகளுக்கு இந்த நிலையைப் பரிந்துரைக்கிறது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சேர்க்கிறார்.

கர்ப்பகால யோகாவை ஆயிரமாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று சொல்லும் விளம்பரங்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றைப் படிப்பவர்கள் அந்த ஒரு வரியையும் படிக்க வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களைச் சொல்கிறது. கேரண்ட சம்ஹிதை 32 சொல்கிறது. இரண்டும் துறவு நோக்கிய ஆண் சாதகனை முன்னிறுத்திப் பேசுபவை. பிள்ளைத்தாய்ச்சிக்கு அவற்றில் இடமில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்துக்கு உரியது. கருவைப் பற்றிப் பேசும் 'கர்ப்பக் கிரியை' இரண்டாம் தந்திரத்தில் வருகிறது. அது கரு உருவாவதைப் பற்றியும் அந்த வேளையில் ஓடும் மூச்சைப் பற்றியும் சொல்வது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் செய்ய வேண்டிய பயிற்சியைப் பற்றியது அல்ல.

ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் சாரீர ஸ்தானம் கர்ப்பிணியின் உணவை மாதவாரியாக விரித்துச் சொல்கிறது. கருவுக்குக் கேடு தரும் செயல்களை அதே பகுதியில் அடுக்கும்போது, குந்தி உட்காருவதையும் மேடுபள்ளமான, கடினமான இருக்கைகளையும் அந்தப் பட்டியலில் வைக்கிறது. இன்றைய வகுப்புகளில் பிரசவத்துக்கு ஏற்ற தலையாய ஆசனமாகக் கற்பிக்கப்படும் மாலாசனம், குந்தி உட்காருவதுதான்.

இதனால் கர்ப்பகால யோகாவின் மதிப்புக் குறைந்துவிடாது. அது இருபதாம் நூற்றாண்டில் இந்திய ஆசிரியர்களும் ஐரோப்பிய மருத்துவர்களும் பிரசவ அறைக்குள் படுக்க மறுத்த பெண்களும் சேர்ந்து உருவாக்கிய ஒன்று. அப்படிப் புரிந்துகொண்டால் அதற்குள் இருந்த முக்கியமான ஒரு பகுதி நம்மிடம் வந்து சேரவில்லை என்பதும் தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

டிக்-ரீட் 1933-இல் எழுதிய முதல் நூலிலேயே தன் கருத்தை முன்வைத்துவிட்டார். பயம் உடலை இறுக்குகிறது; இறுக்கம் வலியைக் கூட்டுகிறது; கூடிய வலி மறுபடியும் பயத்தை வளர்க்கிறது. பயம் நீங்கினால் வலி ஏறக்குறைய இல்லாமலே போகும் என்ற அளவுக்கு அவர் போனது மிகை. பெண்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் இன்று ஏற்க முடியாதவையும் நிறைய உண்டு. ஆனால் அடிப்படைக் கருத்துக்கு உடலியல் பின்னால் துணை வந்தது. 1978-இல் ரெஜினா லெடர்மனும் உடன் ஆய்வாளர்களும் பிரசவ வலியில் இருந்த பெண்களின் இரத்தத்தில் அட்ரினலின் அளவைப் பார்த்தார்கள். பதற்றம் அதிகமாக இருந்தவர்களுக்கு அட்ரினலின் அதிகம். அட்ரினலின் அதிகமானவர்களுக்குக் கருப்பையின் சுருக்கம் தளர்ந்து பிரசவம் நீண்டது.

பிரான்சில் மகப்பேறு மருத்துவர் ஃபெர்னான் லமாஸ் 1951-இல் சோவியத் நாட்டுக்குப் போய், பாவ்லோவின் கொள்கையை வைத்து அங்கே கர்ப்பிணிகளுக்குத் தரப்பட்ட பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்து, பாரிஸில் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் மகப்பேறு நிலையத்தில் மூச்சுப் பயிற்சியைக் கற்பித்தார். இந்தியாவில் ஐயங்காரின் மகள் கீதா 1983-இல் பெண்களுக்கான யோகா நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். சென்னையில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய யோக மந்திரம், ஆளுக்கேற்ற யோகா என்ற கொள்கையை நிலைநாட்டியது. வாரத்துக்கு வாரம் உடல் மாறிக்கொண்டிருக்கும் கர்ப்பிணிக்கு அதைவிடப் பொருத்தமான கொள்கை வேறில்லை.

நம் கதைக்கு இவர்கள் எல்லாரையும்விட முக்கியமானவர் ஜேனட் பாலாஸ்கஸ். தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டனில் குடியேறியவர். ஐயங்கார் முறை யோகாவைக் கர்ப்பிணிகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தவர். அவரிடம் பயின்ற பெண்கள் பிரசவத்தின்போது நடக்கவும், முழங்காலிடவும், குந்தவும் விரும்பினார்கள். லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனை அத்தகைய பிரசவங்களுக்குத் தடை போட்டது. 1982 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் திடலில் கூடினார்கள். தான் எந்த நிலையில் பிள்ளை பெற வேண்டும் என்பதைப் பெற்றெடுப்பவளே முடிவு செய்வாள் என்பதுதான் அவர்கள் கேட்டது. யோகா வகுப்பில் பழகிய உடல்கள், பழகியதைச் செய்ய இடம் கேட்டன. பாலாஸ்கஸின் 'ஆக்டிவ் பர்த்' நூல் அதையொட்டியே வந்தது.

இன்று உலகெங்கும் நடக்கும் கர்ப்பகால யோகா வகுப்புகளின் ஆசன வரிசையில் பாலாஸ்கஸின் சாயல் இருக்கிறது. பூனை நிலை, சுவரில் சாய்ந்து குந்துவது, இடுப்பைச் சுழற்றுவது எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாட்டிலும் தனியார் நிலையங்களில் மட்டுமல்லாமல், அரசு மருத்துவமனைகளின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகள் வழியாகவும் கர்ப்பிணிகளுக்கு இது கற்றுத்தரப்படுகிறது. ஆசனங்கள் வந்துவிட்டன. அந்தத் திடலில் எழுந்த கோரிக்கை மட்டும் இங்கே வரவில்லை.

பயிற்சி உடலுக்கு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோன் கூடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்று 30 முதல் 40 விழுக்காடு வரை அதிகரிக்கிறது. வளரும் கருப்பை உதரவிதானத்தை ஏறக்குறைய 4 செ.மீ. மேலே தள்ளுகிறது. மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சு பெரும்பாலும் இதனால்தான். மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும், வயிற்றை உதறும் கபாலபாதியும் பஸ்திரிகாவும் இந்த உடலுக்கு ஆகாதவை. நிதானமாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுவது ஏற்றது. மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் ரிலாக்சின் முதலிய ஹார்மோன்களால் ஏற்கெனவே தளர்ந்திருக்கின்றன. ஆகவே இந்த மாதங்களில் இன்னும் வளைவதை இலக்காக வைக்கக் கூடாது. தொடையிலும் முதுகிலும் வலு சேர்ப்பதே வேலை. பழகிய யோகினிகள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இப்போது ஒரே ஒரு வலியை எடுத்துக்கொள்வோம். கருப்பை வாய் திறந்துகொண்டிருக்கும் முதல் கட்டத்தின் பின்பகுதியில், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வரும் வலி. முதுகின் அடியிலிருந்து புறப்பட்டு முன்வயிற்றைச் சுற்றி இறுகும். ஏறும், உச்சத்தில் நிற்கும், இறங்கும். மொத்தம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ. பழக்கமில்லாதவளுக்கு அது ஏறத் தொடங்கும்போதே தோள் காதுவரை உயர்ந்துவிடும்; பல் கடிபடும்; கை கட்டிலின் கம்பியைப் பற்றும்; மூச்சு மேல்நெஞ்சில் குறுகி வெட்டி வெட்டி வரும். அதே வேளையில் அவள் அறியாமலே இடுப்புக்கூட்டின் தளத்தசையும் இறுகும். பிள்ளை இறங்கி வர வேண்டிய வழி அதுதான்.

ஆறு மாதம் நிதானமாக மூச்சு விடப் பழகியவளுக்கு ஒரு நிமிடம் என்பது ஏழெட்டு மூச்சு. மூன்றாவது, நான்காவது மூச்சில் வலி உச்சத்தில் இருக்கும். ஆறாவதில் இறங்கத் தொடங்கும். வாயை லேசாகத் திறந்து, தாடையைத் தளர்த்தி, அடித்தொண்டையிலிருந்து ஓசையோடு மூச்சை விட்டால் தோளும் விரல்களும் இளகும். வலி போய்விடாது. அதற்கு ஒரு முடிவு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த முடிவுக்கும் அடுத்த வலிக்கும் இடையில் கிடைக்கும் ஒன்றரை நிமிடத்தில் முழுவதும் தளர்ந்து கிடக்கவும் அவளுக்குத் தெரியும். என் பார்வையில், ஒரு மணி நேர வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம், இடப்பக்கமாகப் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து ஓய்வது, எல்லா ஆசனங்களையும்விடப் பெரிய பயிற்சி. மல்லாந்து சவாசனம் கிடந்தால் பிந்தைய மாதங்களில் கருப்பையின் எடை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றல் வரக்கூடும், அதனால்தான் இடப்பக்கம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2005-இல் வெளியான பெங்களூரு ஆய்வு அதிகமாக எடுத்துக்காட்டப்படுவது. 335 பெண்கள். 169 பேர் கர்ப்பத்தின் 18 முதல் 20 வாரத்தில் தொடங்கி நாள்தோறும் ஒரு மணி நேரம் யோகா செய்தார்கள். மற்ற 166 பேர் வழக்கமான அறிவுரைப்படி நாளுக்கு இருமுறை அரை மணி நேரம் நடந்தார்கள். இரண்டரை கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள பிள்ளைகள் யோகா பிரிவில் அதிகம். குறைமாதப் பிரசவம் குறைவு. நல்ல செய்தி. ஆனால் எந்தப் பெண் எந்தப் பிரிவு என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்த பெண்ணுக்கு வீட்டில் வேலைப்பளு குறைவாகவும் ஆதரவு அதிகமாகவும் இருந்திருக்கலாம். பிள்ளையின் எடையில் அதற்கும் பங்கு உண்டு.

தாய்லாந்தில் 2008-இல் வெளியான ஆய்வு, பிரசவத்தையே நேரடியாக அளந்தது. தலைப்பிரசவப் பெண்கள் 74 பேர், பிரிவுக்கு 37. கர்ப்பத்தின் பிற்பாதியில் ஒரு மணி நேர வகுப்பு ஆறு, வீட்டிலும் பயிற்சி. யோகா பிரிவில் வலி குறைவாகவும் ஆறுதல் அதிகமாகவும் இருந்தன. முதல் கட்டத்தின் நேரமும் பிரசவத்தின் மொத்த நேரமும் குறைந்தன. முக்கித் தள்ளும் இரண்டாம் கட்டத்தில் வேறுபாடு இல்லை. பெங்களூரில் 2012-இல், சிக்கலுக்கு வாய்ப்பு அதிகமுள்ள 68 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு, யோகா செய்தவர்களுக்கு இரத்தக் கொதிப்பும் கர்ப்பகாலச் சர்க்கரையும் குறைவாக வந்ததைக் கண்டது. இங்கிலாந்தில் 2014-இல் வெளியான, 59 தலைப்பிரசவப் பெண்களின் ஆய்வில் ஒரே ஒரு வகுப்புக்குப் பிறகே பதற்றம் தணிந்தது. பாதுகாப்பைப் பற்றிய அச்சத்துக்கு 2015-இல் நியூ ஜெர்சியில் நடந்த ஆய்வு பதில் தந்தது: 35 முதல் 37 வாரக் கர்ப்பிணிகள் 25 பேர் 26 ஆசனங்களைச் செய்தபோது சிசுவின் இதயத்துடிப்பு எதிலும் பழுதுபடவில்லை.

சிறிய ஆய்வுகள் இவை. யாருக்கு யோகா, யாருக்கு இல்லை என்பதைப் பங்கேற்பவர்களிடமிருந்து மறைக்க வழியில்லாதவை. உலக அளவில் ஆதாரங்களைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு, யோகா பிரசவ வலியைக் குறைக்கலாம் என்பதற்கான சான்றின் உறுதியைக் குறைவு என்றே மதிப்பிட்டது. பதற்றம் தணியும், தூக்கமும் முதுகும் தேறும், முதல் கட்டம் சுருங்க வாய்ப்புண்டு. இந்த அளவுக்கு நம்பலாம். நாற்பது நாளில் 'நார்மல் டெலிவரி' உறுதி என்று எழுதி ஒட்டுவது பொய்.

அந்தப் பொய் ஏன் தமிழ்நாட்டில் இவ்வளவு விலைபோகிறது என்பதை ஓர் எண் சொல்லிவிடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். நாட்டின் சராசரி 21.5. தமிழகத்துக்குள் அரசு மருத்துவமனைகளில் 36.0, தனியாரில் 63.8. தனியார் மருத்துவமனைக்குப் போகும் பெண்ணின் இடுப்பெலும்பு அரசு மருத்துவமனைக்குப் போகும் பெண்ணின் எலும்பிலிருந்து வேறானதல்ல. வேறுபாட்டில் பெரும்பகுதி எங்கே, யார், எந்த நேரத்தில், எதற்கு அஞ்சி முடிவெடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. முதல் பிள்ளை சிசேரியன் என்றால் அடுத்ததும் அதுவே என்ற வழக்கத்தில் இருக்கிறது. நாள், நட்சத்திரம் பார்ப்பதிலும் இருக்கிறது. எந்த ஆசனமும் இவற்றைத் தொடுவதில்லை.

சிசேரியனைப் பழிப்பது என் நோக்கமல்ல. தமிழகத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதாலும், தேவைப்படும்போது கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலும் பிழைத்த தாய்மார் ஏராளம். அம்மி அரைத்து, ஆட்டுக்கல் ஆட்டி, குனிந்து நிமிர்ந்து வேலை செய்தே அந்தக் காலத்துப் பெண்கள் எளிதாகப் பெற்றார்கள் என்று சொல்பவர்கள், பெற முடியாமல் மாண்டவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. என்னைப் படுத்துவது வேறு. மாதக்கணக்கில் விடாமல் யோகா செய்துவிட்டுக் கடைசியில் அறுவை சிகிச்சைக்கு ஆளான பெண்கள், "நான் சரியா செய்யலையோ?" என்று கேட்கிறார்கள். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவளை அப்படிக் கேட்க வைத்தது அந்தப் போலி உறுதிமொழிதான். சிசுவின் துடிப்பு இறங்கியதற்கும், நஞ்சுக்கொடி கீழே இருந்ததற்கும் அவள் பத்தகோணாசனம் செய்த விதம் காரணமாகாது.

யார் செய்யக் கூடாது என்பதில் மயக்கம் வேண்டாம். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பவர்கள், இரத்தப்போக்கு உள்ளவர்கள், கருப்பை வாய்க்குத் தையல் போட்டிருப்பவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், கொதிப்பு ஏறிப் பிரீஎக்ளாம்ப்சியா கண்டவர்கள் மருத்துவர் அனுமதியின்றி எந்தப் பயிற்சியும் தொடங்கக் கூடாது. பிள்ளையின் தலை திரும்பாதிருக்கும்போது கடைசி வாரங்களில் ஆழமாகக் குந்துவதைத் தவிர்ப்பார்கள். சூடேற்றிய அறையில் செய்யும் யோகா யாருக்குமே ஆகாது. அதே தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருப்பவருக்கு இரும்புச்சத்து முதலில், ஆசனம் பிறகு. இவை இல்லாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பயிற்சியின்போது தாயின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது என்று 1985-இல் விதித்த அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பே 1994-இல் அந்த வரம்பை விலக்கிக்கொண்டது. இன்று வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

இனி லேபர் வார்டுக்குள் போவோம். ஐந்து மாதம் குந்தவும் முழங்காலிடவும் நடக்கவும் பழகிய பெண் உள்ளே போனதும் என்ன நடக்கிறது? கட்டிலில் படுக்கச் சொல்கிறார்கள். ஒரு கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. வயிற்றில் சிசுவின் துடிப்பைப் பார்க்கும் பட்டை. எழுந்தால் திட்டு. கருப்பை வாய் முழுதாகத் திறந்ததும் மேசையில் மல்லாத்தி, கால்களைத் தூக்கி வைத்து, "மூச்சைப் பிடிச்சு முக்கும்மா, முக்கு" என்கிறார்கள். நீளமாக மூச்சை விடுவதும், புவியீர்ப்பைத் துணைகொள்வதும், இடுப்பை அசைப்பதும் அந்த மேசையில் செய்ய முடியாதவை. மல்லாந்து கிடக்கும்போது முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பு மேசையில் அழுந்திப் பின்னே நகர இடமின்றி நிற்கிறது. தேர்வுக்கு முன்தினம்வரை நீந்தப் பழக்கிவிட்டு, தேர்வன்று தண்ணீரில்லாத குளத்தில் இறக்கிவிடுவது போன்றது இது.

படுத்துப் பெறுவது ஆதிகால வழக்கமுமல்ல. தமிழகக் கோயில் தூண்கள் சிலவற்றில் நின்றபடி பெறுகிறவளை இருபுறமும் இரு பெண்கள் தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் கட்டில் பிரசவத்தை வலியுறுத்திய ஃபிரான்சுவா மொரிசோவின் நூல் 1668-இல்தான் வந்தது.

யோகா ஆய்வுகளைவிடப் பல மடங்கு வலுவான ஆதாரம் இந்த இடத்தில் இருக்கிறது. முதல் கட்டத்தில் நடந்தும் நிமிர்ந்தும் இருக்கும் பெண்களுக்கு அந்தக் கட்டம் ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம் குறைகிறது என்று 2013-இல் வெளியான காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. முதுகில் மரத்துப்போகும் ஊசி போடாதவர்கள் இரண்டாம் கட்டத்தில் நிமிர்ந்திருந்தால் ஆயுதப் பிரசவமும், கீழே கத்தரித்துத் தையல் போடுவதும் குறைகின்றன. இரத்தப்போக்கு சற்றுக் கூடலாம் என்பதால் அதைக் கவனிக்க வேண்டும். தொடக்கம் முதல் கடைசிவரை ஒருவர் கூடவே இருந்தால், 26 ஆய்வுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கண்டபடி, சிசேரியன் குறைகிறது, நேரம் சுருங்குகிறது, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் நடமாட்டம், விரும்பிய நிலை, விரும்பிய துணை மூன்றும் உண்டு.

அரசும் இதை அறியாமல் இல்லை. மகப்பேற்றுத் துணை என்ற திட்டம் தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு வந்து இருபது ஆண்டு ஆகிறது. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம், துணையையும் பெண் விரும்பும் நிலையையும் தரக்குறியீடுகளாக வைத்திருக்கிறது. 2018-இல் வந்த மருத்துவச்சிச் சேவை நெறிமுறைகளின்படி, செவிலியர்களுக்கு 18 மாதம் கூடுதல் பயிற்சி தந்து, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விட வேண்டும். ஐதராபாதின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை தெலங்கானா அரசுக்காக அத்தகையவர்களை முன்பே பயிற்றுவிக்கத் தொடங்கியிருந்தது. ஆணை இருக்கிறது; ஆனால் இருபது பேர் வலியோடு காத்திருக்கும் வார்டில் நான்கு செவிலியர் மட்டும் நிற்கும்போது அது நடைமுறைக்கு வருவதில்லை. படுக்க வைத்தால் அவர்களுக்குக் கண்காணிப்பு எளிது. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆட்களைக் கூட்ட வேண்டும்.

அதுவரை யோகா ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாயில் மட்டும் கற்பிக்காமல், மருத்துவமனைக் கட்டில் உயரமுள்ள ஒரு கட்டிலிலும் கற்பிக்கலாம். கையில் ஊசிக்குழல் இருப்பதாக வைத்துக்கொண்டு இடப்பக்கம் ஒருக்களித்து மேல்காலைத் துணையின் தோளில் தாங்குவது, கட்டிலிலேயே மண்டியிட்டுத் தலைமாட்டைப் பற்றுவது, கட்டிலோரம் நின்று அதன்மேல் கைகளை ஊன்றி இடுப்பை ஆட்டுவது. இவை மூன்றும் பட்டையைக் கழற்றாமல் செய்யக்கூடியவை. உடன் இருக்கப்போகிறவர் அம்மாவோ கணவரோ நாத்தனாரோ, அவரையும் கடைசி இரண்டு மாத வகுப்புகளுக்கு வரச்சொல்ல வேண்டும். வலி ஏறும்போது முதுகின் அடியில் உள்ளங்கையால் எந்த இடத்தில், எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது அவர் கைக்குப் பழகியிருக்க வேண்டும். வளைகாப்புக்கு நாள் குறிக்கும் ஏழாம் மாதத்திலேயே மருத்துவமனையில் கேட்டுவிட வேண்டிய கேள்விகள் நான்கு: வலி எடுத்த பிறகு நடக்க விடுவீர்களா? கூட ஒருவர் கடைசிவரை இருக்கலாமா? ஒருக்களித்தோ குந்தியோ பெற முடியுமா? எந்தக் காரணத்துக்காகச் சிசேரியன் என்று முடிவெடுப்பீர்கள்? பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு இடம் பார்க்க இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கிறது.